உருளைக்கிழங்குக்கு என்ன சாப்பாடு போடுவது?

கவரைப்பேட்டை பக்கம் உருளைக்கிழங்கு விளையாது. சுற்றிலும் பார்த்தால் நெல் வயல், ஏரி, அதைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி வரைக்கும் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். ஆனால் இந்த ஊரில் ஒரு நாள்கூட உருளைக்கிழங்கு இல்லாமல் விடியாது. காலையில் பூரி மசால், மாலையில் டீக்கடை போண்டா, ராத்திரி ஹாஸ்டலில் சப்பாத்திக்குக் குருமா. இதற்கெல்லாம் கிழங்கு வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஊரை ஒட்டிப் போகும் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் (இப்போது எண் 16, பழைய ஆட்களுக்கு இன்னமும் 5) வடக்கிலிருந்து சரக்கு லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றில் கிழங்கு மூட்டைகளும் உண்டு. எங்கோ ஒரு நிலத்தில் தோண்டி, எங்கோ ஒரு கிடங்கில் பல மாதம் தூங்கி, பிறகுதான் அது போண்டாவுக்குள் போகிறது.

இதில் ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது. ஒரே கடையில் வாங்கிய கிழங்கில் ஒன்று மாவு மாதிரி வேகிறது, இன்னொன்று சோப்புக் கட்டி மாதிரி நிற்கிறது. ஒரு கிழங்கு வறுத்தால் பொன்னிறம், இன்னொன்று கருகிய மாதிரி. ஒரு மூட்டை ஒரு மாதம் தாங்குகிறது, இன்னொரு மூட்டை பத்தே நாளில் ஒழுகி நாறுகிறது. ஏன்?

ரகம், மழை, லாரிக்காரர், கிடங்குக்காரர் என்று எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பலரும் கவனிக்காத ஒரு காரணம், அந்தச் செடிக்கு மூன்று நான்கு மாதம் என்ன சாப்பாடு போட்டார்கள் என்பது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு குழப்பம்

உருளைக்கிழங்கு வேர் என்று பலர் நினைக்கிறார்கள். கேரட் வேர், முள்ளங்கி வேர், மரவள்ளியும் வேர். உருளை மட்டும் தண்டு. மண்ணுக்குள் படுத்துக்கிடக்கும் தண்டின் நுனி வீங்கினால் அதுதான் கிழங்கு. அதன் மேல் இருக்கும் "கண்" என்பது மொட்டு. அதனால்தான் அங்கிருந்து முளை வருகிறது.

தோண்டி எடுத்த பிறகும் கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, நீரை இழக்கிறது, காயம் பட்டால் புதுத் தோல் வளர்த்துக்கொள்கிறது, காலம் வந்தால் முளைக்கிறது. ஆகவே கிழங்கைச் சேமிப்பது என்பது அரிசியை டப்பாவில் போட்டு வைப்பது மாதிரி அல்ல. ஒரு உயிரைத் தூங்க வைப்பது. நல்ல உடம்போடு தூங்கப் போனால் நன்றாகத் தூங்கும். அரைகுறையாக வளர்ந்து, தோல் முற்றாமல், உள்ளே சர்க்கரையும் தண்ணீருமாக இருந்தால் எத்தனை நல்ல கிடங்கில் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. கிடங்கு தரத்தைக் கூட்டாது. இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

கிழங்கில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். மீதியை உலர் எடை என்பார்கள். அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. உலர் எடை அதிகமானால் மாவு மாதிரி வேகும், எண்ணெய் குறைவாகக் குடிக்கும். சிப்ஸ் கம்பெனிகள் உலர் எடை 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்று பார்ப்பது இதற்காகத்தான்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 125 கிராம் உப்பைக் கரையுங்கள். கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, மசாலாவுக்கும் வறுவலுக்கும் நல்லது. மிதந்தால் தண்ணீர்க் கிழங்கு, குழம்பில் கரையாமல் நிற்க அது நல்லது. ஒரே கிலோவில் இரண்டும் கிடைப்பது உண்டு :-)

தழை, மணி, சாம்பல்

உரம் என்றால் மூன்று பெயர்கள்: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். தமிழில் இவற்றுக்கு வைத்த பெயர்கள் அருமையானவை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. எது எங்கே வேலை செய்யும் என்பது பெயரிலேயே இருக்கிறது. முதலாவது தழையை வளர்க்கும். இரண்டாவது மணி பிடிக்க வைக்கும். மூன்றாவது முன்பு அடுப்புச் சாம்பலிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் பொட்டாஷ் என்ற சொல்லே பானைச் சாம்பல் என்ற பொருளில் பிறந்ததுதான். பாட்டிகள் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்ச் செடிக்குக் கொட்டியது சும்மா இல்லை.

உருளைக்கிழங்கில் இந்த மூன்றும் தனித்தனி வேலை பார்க்கின்றன.

தழைச்சத்து இல்லாமல் செடி இல்லை. குறைந்தால் இலை சீக்கிரம் மஞ்சளாகி, கிழங்கு சிறுத்துப்போகும். ஆனால் அதிகமானால், அதுவும் கடைசிக் காலத்தில் அதிகமானால், செடிக்கு முதிர மனசு வராது. இலையும் தண்டும் பச்சைப்பசேல் என்று நிற்கும், பார்க்க ஆசையாக இருக்கும். மண்ணுக்குள் கிழங்கு இன்னும் குழந்தை. தோல் கையால் தேய்த்தால் உரியும். மாவுச்சத்து குறைவு, சர்க்கரை அதிகம். உரிந்த இடத்தில் நீர் போகும், பாக்டீரியா நுழையும். கிடங்கில் முதலில் அழுகும் மூட்டை இதுதான்.

மணிச்சத்து ஆரம்ப காலத்தின் சத்து. வேர் பிடிக்கவும், எத்தனை கிழங்கு கட்டும் என்பதைத் தீர்மானிக்கவும், பிறகு செடி நேரத்தோடு முதிர்ந்து தோல் கட்டவும் உதவுகிறது. உருளையின் வேர் ஆழமாகப் போகாது, பெரும்பாலும் மேல் ஒரு அடி மண்ணில்தான். அதனால் மணிச்சத்து எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

சாம்பல்சத்துதான் உருளைக்குப் பிரியமான சாப்பாடு. மண்ணிலிருந்து இந்தப் பயிர் தழைச்சத்தைவிட அதிகமாக எடுப்பது இதைத்தான். இலையில் தயாராகும் சர்க்கரை கிழங்குக்கு இறங்கி மாவுச்சத்தாக மாற இது வேண்டும். இது குறைந்த கிழங்கை மூட்டையாகத் தூக்கிப் போட்டால் தோல் கிழியாமலே உள்ளே கருநீலக் கன்றல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது, வெட்டினால் தெரியும். வேகவைத்து ஆறிய பிறகு கிழங்கின் காம்புப் பக்கம் சாம்பல் நிறமாகக் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிழங்கில் உள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்து செய்யும் வேலை அது. போதுமான சாம்பல்சத்து கிடைத்த கிழங்கில் சிட்ரிக் அமிலம் அதிகமாக இருக்கும். அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கறுப்பது குறையும்.

ஆனால் இதிலும் அளவு உண்டு. சாம்பல்சத்தை அள்ளிக் கொட்டினால் கிழங்கு தண்ணீரை இழுத்துக்கொண்டு உலர் எடை குறையும். எந்த உப்பாகப் போடுகிறோம் என்பதும் முக்கியம். மலிவாகக் கிடைப்பது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது குளோரைடு. சல்ஃபேட் வடிவம் விலை அதிகம், ஆனால் மாவுச்சத்தை அவ்வளவாகக் குறைக்காது. சிப்ஸுக்குப் பயிர் செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் காசு.

ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஸ்ப்ரெங்கல் 1828-ல் சொல்லி, லீபிக் 1840-க்குப் பிறகு உலகம் முழுவதும் பரப்பிய ஒரு விதி உண்டு. எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்பது. சாம்பார் வைக்க எல்லாம் இருந்தும் புளி இல்லை என்றால், பருப்பை இரண்டு மடங்கு போட்டு என்ன ஆகப்போகிறது? அதே கதைதான்.

நீலகிரி மண்ணின் குணம்

தமிழ்நாட்டில் உருளை என்றால் நீலகிரி. கொடைக்கானல் மலை, தாளவாடி, ஓசூர்ப் பக்கமும் விளைகிறது. ஆனால் "ஊட்டி உருளை" என்றால் மார்க்கெட்டில் தனி மரியாதை. 1820-களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியை உருவாக்கியபோது ஐரோப்பியக் காய்கறிகளோடு இதுவும் மலையேறியது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை 1957 முதல் இயங்கிவருகிறது.

வடக்கே கங்கைச் சமவெளியில் உருளை ஒரு குளிர்காலப் பயிர். அக்டோபர் வாக்கில் நட்டு பிப்ரவரி, மார்ச்சில் தோண்டி, உடனே குளிர்பதனக் கிடங்கில் அடைத்துவிடுகிறார்கள். ஆண்டு முழுக்க இந்தியா சாப்பிடுவது பெரும்பாலும் அந்தக் கிடங்குக் கிழங்குதான். நீலகிரியில் அப்படி இல்லை. ஜனவரி - பிப்ரவரியில் நீர்ப்பாசனப் பயிர், மார்ச் - ஏப்ரலில் கோடைப் பயிர், ஆகஸ்ட் - செப்டம்பரில் இலையுதிர்காலப் பயிர் என்று மூன்று பட்டம். புதுக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அங்கே சேமிப்பு என்பது மாதக்கணக்கு இல்லை, நாள்கணக்கு. தோண்டிய கிழங்கு ஒரு வாரம் கூடுதலாகத் தாங்கினால் நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். தாங்காது என்றால் மண்டியில் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். ஒரு சிறு விவசாயிக்கு அந்த ஒரு வாரம்தான் லாபத்துக்கும் கடனுக்கும் நடுவே இருக்கும் கோடு.

அந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை அதிகம், அதனால் சுண்ணாம்பும் மெக்னீசியமும் கரைந்து போய்விடுகின்றன. மண் புளித்திருக்கும், அதாவது அமிலத்தன்மை. புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் கரைந்து வெளியே வந்து, போடுகிற மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் இருக்கும், ஆனால் செடிக்குக் கிடைக்காது. பூட்டிய பீரோவில் பணம் இருப்பது மாதிரி.

அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலைப்பகுதி உருளைக்குச் சொல்லும் அளவு விசித்திரமாக இருக்கிறது. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல்சத்து 120 கிலோ. பாதியை நடும்போதும் மீதியை 30-ஆம் நாளும் போடவேண்டும். கூடவே தொழு உரம் 15 டன், மெக்னீசியம் சல்ஃபேட் 60 கிலோ. சமவெளியில் தழைச்சத்துதான் முன்னால் நிற்கும். இங்கே மணிச்சத்து இரண்டு பங்கு. செடி அவ்வளவு சாப்பிடுகிறது என்பதற்காக இல்லை. மண் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதற்காக.

மூட்டைக் கணக்கு

இந்த அளவைக் கடையில் கிடைக்கும் மூட்டையாக மாற்றும்போதுதான் சுவாரசியம் ஆரம்பிக்கிறது. கணக்குப் பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம் (ஆனால் தாண்டாதீர்கள், இதுதான் முக்கியம்).

வழி ஒன்று: 17-17-17 காம்ப்ளெக்ஸ். மூன்று சத்தும் சமமாக இருக்கும், ஒரே மூட்டையில் வேலை முடிந்துவிடும். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் மணலியில் இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையின் "விஜய்" 17-17-17 தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பழகிய பெயர். நல்ல உரம்தான். ஆனால் மலை உருளைக்கு இதை மட்டும் நம்பினால்? மணிச்சத்து 240 கிலோ வேண்டும் என்றால் சுமார் 1,412 கிலோ போடவேண்டும். அப்போது தழைச்சத்தும் 240 கிலோ போய்விடும், தேவையைப் போல இரண்டு மடங்கு. சரி, தழைச்சத்து 120 போதும் என்று 706 கிலோவோடு நிறுத்தினால் மணிச்சத்து பாதிதான் போயிருக்கும். உரத்தில் தப்பில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் இந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை.

வழி இரண்டு: டி.ஏ.பி. அதில் தழை 18, மணி 46. மணிச்சத்து 240-க்கு 522 கிலோ, அதாவது பத்தரை மூட்டை. அதிலேயே தழைச்சத்து 94 கிலோ வந்துவிடும். மீதி 26 கிலோவுக்கு யூரியா 56 கிலோ. சாம்பல்சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 200 கிலோ. கணக்கு சரியாக உட்கார்ந்துவிட்டது.

வழி மூன்று: சிங்கிள் சூப்பர் பாஸ்பேட். அதில் மணிச்சத்து 16 சதவீதம்தான். 240 கிலோவுக்கு 1,500 கிலோ, 30 மூட்டை! மலைச் சரிவில் தலைச்சுமையாக முப்பது மூட்டை ஏற்றுவதா, பத்தரை மூட்டை ஏற்றுவதா? கூலியைப் பார்க்கிறவர் டி.ஏ.பி. பக்கம் சாய்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்த முப்பது மூட்டையில் இன்னொரு சரக்கும் இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கால்சியம், 11 சதவீதம் அளவுக்குக் கந்தகம். 1,500 கிலோ போட்டால் கிட்டத்தட்ட 300 கிலோ கால்சியம் இனாமாகப் போகிறது. டி.ஏ.பி.யில் அது இல்லை. சிலாப் போர்டில் இதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் கிழங்கு கிடங்கில் தாங்குமா என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. (இந்த சூப்பர் பாஸ்பேட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906-ல் ராணிப்பேட்டையில்தான் தொடங்கியது.)

கால்சியம் எங்கே போகிறது?

செல்லையும் செல்லையும் ஒட்டி வைத்திருக்கும் பசை பெக்டின். அந்தப் பசையை இறுக்குவது கால்சியம். கிழங்கை ஒழுகவைக்கும் மென் அழுகல் பாக்டீரியா செய்வது இந்தப் பசையைக் கரைப்பதுதான். கால்சியம் நன்றாக இருந்தால் சுவர் உறுதியாக இருக்கும், பாக்டீரியா சிரமப்படும். கிழங்குக்குள் பழுப்புப் புள்ளி விழுவதும், நடுவில் பொந்து விழுவதும்கூடக் கால்சியம் குறைவோடு தொடர்புள்ளவை.

இதில் ஒரு வேடிக்கை. மண்ணில் கால்சியம் இருந்தாலும் கிழங்குக்குப் போய்ச் சேராது. கால்சியம் நீரோடுதான் மேலே ஏறும். இலைகள் வெயிலில் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் நீரும் கால்சியமும் இலைக்கே ஓடுகின்றன. மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து ஆவியாதல் ஏது? இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் கீழே இறங்கவும் இறங்காது.

அப்படியானால் கிழங்குக்கு எப்படிக் கிடைக்கிறது? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிராட்ஸ்கேயும் ஜீவன் பால்டாவும் 1985-ல் இதற்குப் பதில் சொன்னார்கள். கிழங்கிலும் அதைத் தாங்கும் மண்ணடித் தண்டிலும் மெல்லிய சிறு வேர்கள் இருக்கின்றன, கிழங்குக்கு நீர் அவற்றின் வழியாகத்தான் போகிறது என்று காட்டினார்கள். ஆக, கால்சியம் தூரத்து மண்ணில் இருந்தால் போதாது. கிழங்கு கட்டுகிற அந்தப் பாத்தியிலேயே, கிழங்கு பெருக்கிற அந்த வாரங்களிலேயே இருக்கவேண்டும்.

அப்படியென்றால் சுண்ணாம்பைக் கொட்டிவிடலாமே? அங்கேயும் ஒரு பொறி. சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை மாற்றும். மிகப் புளித்த மண்ணுக்கு அது நல்லதுதான், மணிச்சத்துப் பூட்டும் கொஞ்சம் திறக்கும். ஆனால் அளவு தாண்டி மண் நடுநிலைப் பக்கம் போனால் கிழங்குத் தோலில் சொறிநோய் கிளம்பும். சொறி பிடித்த கிழங்கை மண்டியில் யாரும் சீண்டமாட்டார்கள். ஜிப்சத்தில் கால்சியம் உண்டு, ஆனால் அது புளிப்பை மாற்றாது. அதனால் கால்சியம் மட்டும் வேண்டும் என்கிற இடத்தில் ஜிப்சம் பாதுகாப்பானது. எது வேண்டும் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். ஊகம் சொல்லாது.

யூரியா ஏன் ஜெயிக்கிறது?

இவ்வளவும் தெரிந்தும் ஏன் வயலில் யூரியா கூடுகிறது, பொட்டாஷ் குறைகிறது? விவசாயிக்குத் தெரியாது என்று சொல்வது சுலபம். விலையைப் பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும்.

2010 ஏப்ரலில் மத்திய அரசு சத்து அடிப்படையிலான மானியத்தைக் கொண்டுவந்தது. அதில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் மானியம் நிலையானது, விலையைக் கம்பெனிகள் நிர்ணயிக்கலாம் என்று ஆனது. யூரியா மட்டும் அந்தத் திட்டத்துக்கு வெளியே, அரசு கட்டுப்பாட்டு விலையிலேயே நின்றது. விளைவு என்ன? அதற்கு முன் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை சுமார் 223 ரூபாய். அண்மை ஆண்டுகளில் அது 1,500 ரூபாயைத் தாண்டி விற்றிருக்கிறது. 45 கிலோ வேப்பெண்ணெய் பூசிய யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. இந்தியாவில் பொட்டாஷ் சுரங்கம் இல்லை, முழுவதும் கப்பலில்தான் வரவேண்டும்.

யூரியா போட்டால் ஒரு வாரத்தில் இலை கரும்பச்சையாகும், கண்ணுக்குத் தெரியும். பொட்டாஷ் போட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்து யாரோ ஒரு சமையல்காரர் கிழங்கை வெட்டும்போது உள்ளே கன்றல் இல்லை என்பதுதான் அதன் பலன். அந்தப் பலனுக்கு விவசாயிக்கு யாரும் காசு தருவதில்லை. மண்டியில் கிழங்கைத் தரம் பிரிப்பது பெரும்பாலும் அளவைப் பார்த்து, தோலைப் பார்த்து. உலர் எடை, சர்க்கரை, கால்சியம் எதையும் அங்கே யாரும் அளப்பதில்லை. யூரியா எடையைக் கூட்டும், எடைக்குக் காசு உண்டு. பொட்டாஷ் தரத்தைக் கூட்டும், தரத்துக்குக் காசு இல்லை. இதில் விவசாயியை மட்டும் குற்றம் சொல்வது எப்படி நியாயம்?

தோண்டுவதற்கு முன் இரண்டு வாரம்

நல்ல சாப்பாடு போட்டு வளர்த்த கிழங்கையும் கடைசி இரண்டு வாரத்தில் கெடுத்துவிடலாம். தோண்டுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்தி, மேல் செடியை வெட்டிவிடவேண்டும். அப்போதுதான் கிழங்கின் தோல் இறுகும். தழைச்சத்து அதிகம் வாங்கிய செடியை வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும், தோலும் இறுகத் தாமதமாகும். சாப்பாட்டுக் கணக்குக்கும் தோலுக்கும் இப்படி நேரடித் தொடர்பு.

தோண்டிய பிறகு நிழலில் குவித்து, காற்றோட்டமாகப் பத்துப் பதினைந்து நாள் வைத்தால் சிறு காயங்கள் ஆறி மேலே தக்கை மாதிரி ஒரு படலம் கட்டும். வெயிலில் போட்டால் பச்சை நிறம் ஏறும். பச்சை என்பது வெறும் பச்சையம்தான், ஆனால் வெளிச்சம் பட்ட கிழங்கில் சோலனைன் மாதிரியான கசப்பு நச்சும் சேர்ந்தே கூடும். கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைதான் பாதுகாப்பு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. பச்சைப் பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். கசந்தால் முழுக் கிழங்கையும் எறியுங்கள்.

குளிரும் இனிப்பும்

வட இந்தியக் கிடங்குகளில் 2 முதல் 4 டிகிரி குளிரில் மூட்டைகள் அடுக்கப்படுகின்றன. அந்தக் குளிரில் கிழங்கு முளைக்காது. ஆனால் மாவுச்சத்து மெல்ல சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கைச் சமைத்தால் ஒரு அசட்டுத் தித்திப்பு. வறுத்தால் கருப்பு. குளுக்கோஸ், பிரக்டோஸ் இரண்டும் அமினோ அமிலத்தோடு சூட்டில் சேர்ந்தால் வரும் நிறம் அது. சிப்ஸுக்கு நூறு கிராம் கிழங்கில் இந்தச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பார்கள். அதனால் சிப்ஸ் கிழங்கை 10 முதல் 12 டிகிரியில், முளைப்பைத் தடுக்கும் மருந்து அடித்து வைக்கிறார்கள். சர்க்கரை குறைவாகச் சேரும் குஃப்ரி சிப்சோனா ரகங்கள் 1998-ல் வெளிவந்ததும் இதற்காகத்தான்.

2002-ல் சுவீடன் விஞ்ஞானிகள் வறுத்த உணவில் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாவதைக் கண்டுபிடித்தார்கள். புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பொருள். அது உருவாக இரண்டு பேர் சேரவேண்டும்: ஒன்று இந்தச் சர்க்கரை, இன்னொன்று அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம். கிழங்கில் அஸ்பராஜின் கூடுவதற்கு ஒரு காரணம், அதேதான், அளவு மீறிய தழைச்சத்து! வயலில் கூடுதலாக வீசிய ஒரு மூட்டை யூரியா, சுற்றிச் சுற்றி வாணலிக்கே வந்துவிடுகிறது.

(வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு வைக்கவே கூடாது என்று சொல்லிவந்தது, 2023-ல் அதைத் தளர்த்திவிட்டது. ருசிக்கும் நிறத்துக்கும் இருட்டான, காற்றோட்டமான இடமே நல்லது.)

இன்னும் ஒரு எதிரி

நீலகிரிக் கதையில் நூற்புழுவைச் சொல்லாமல் விட முடியாது. 1961-ல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி தங்க நூற்புழுவைக் கண்டறிந்தார். வேரைத் துளைத்து உட்காரும் புழு இது. வேரே அடிபட்ட பிறகு நல்ல சாப்பாட்டை வைத்து என்ன, வாங்கும் வாய் இல்லையே! அதன் முட்டைக் கூடு மண்ணில் பல வருடம் காத்திருக்கும். எதிர்ப்புச் சக்தியோடு குஃப்ரி ஸ்வர்ணா ரகம் 1985-ல் வந்தது. முட்டைக்கோஸ், கேரட், பூண்டு என்று மாற்றிப் பயிர் செய்வதும் உதவுகிறது. 2018-ல் இமாசலத்திலும் இந்தப் புழு தெரியவந்து, அங்கிருந்தும் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களிலிருந்தும் விதைக்கிழங்கு வெளியே போவதற்கு மத்திய அரசு தடை போட்டது. உரம் மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இது.

ஆக...

செய்யவேண்டியது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நடுவதற்கு முன் மண்ணைச் சோதிப்பது. 2015-ல் வந்த மண்வள அட்டைத் திட்டம் அதற்குத்தான். தொழு உரத்தை விடாமல் இருப்பது. மணிச்சத்தைத் தொடக்கத்தில் வேர் எட்டும் இடத்தில் வைப்பது. தழைச்சத்தைப் பிரித்துப் போட்டு, 30-ஆம் நாளோடு கையை மூடிக்கொள்வது. சாம்பல்சத்தில் கஞ்சத்தனம் காட்டாமல் இருப்பது. கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் கணக்கில் சேர்ப்பது. முதிர விடுவது, ஆற விடுவது.

ஆனால் இவ்வளவையும் செய்த விவசாயிக்கு மண்டியில் ஒரு ரூபாயாவது கூடக் கிடைக்கவேண்டாமா? உப்புத் தண்ணீர் வாளி ஒன்று போதும், மாவுக் கிழங்கையும் தண்ணீர்க் கிழங்கையும் பிரித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. வாங்குகிறவர்கள் அதைக் கேட்க ஆரம்பித்தால் மண்டியும் பார்க்க ஆரம்பிக்கும். மண்டி பார்க்க ஆரம்பித்தால், மலைச்சரிவில் யூரியா மூட்டைக்கும் பொட்டாஷ் மூட்டைக்கும் நடுவே நின்று யோசிக்கிற மனிதரின் கை எந்தப் பக்கம் போகும் என்பதும் மாறும்.